இருபத்து நாலு சொட்டு

காலை ஐந்தரை மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் வயிற்றைப் பிசையும். சொந்த ஊரில் வயசான பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நம்பரைப் பார்த்து பச்சைப் பொத்தானை அழுத்துகிற அந்த இரண்டு விநாடியில் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டுவிடும். தட்கல் டிக்கெட், ஆபீஸில் லீவு, தங்கைக்கு யார் சொல்வது...

அன்றைக்கு அப்பா சொன்னது இவ்வளவுதான்.

"எய்யா, இன்னைக்கு நாலு போயிட்டு."

மீனைச் சொல்கிறார்.

2022-ம் வருடம் ஆவணியில் அம்மா போனாள். காரியங்கள் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, அப்பாவை சென்னைக்குக் கூப்பிட்டேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தாறு வயசு. "மூணாவது மாடில உக்காந்து ஜன்னல் வழியா அடுத்த வீட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்கவாய்யா? இங்கன்னா கோபுரம் தெரியுது" என்றார். உண்மைதான். தென்காசியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் நின்றால் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தின் தலைப் பக்கம் தெரியும். சாரல் காலத்தில் அந்தக் கோபுர வாசலில் வீசுகிற காற்று ஆளையே தள்ளும். மூணாவது மாடி ஃபிளாட்டில் அதற்கு ஈடாக நான் என்ன கொடுக்க முடியும்? ஏசியா?

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர் அம்மாவின் நாற்காலிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னபோதுதான் எனக்கு இந்த மீன் தொட்டி யோசனை வந்தது. நாய் வளர்க்கச் சொன்னால் ராத்திரி சோறு வைக்க வேண்டும், நடத்திக் கூட்டிப்போக வேண்டும். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம். மீன் என்றால் இரண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி. அவ்வளவுதானே! நினைத்ததே தப்பு.

கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ண மீனுக்குக் கொளத்தூர்தான் தலைநகரம். ஞாயிற்றுக்கிழமை போனால் தெரு முழுக்க பாலிதீன் பையில் தண்ணீரும் மீனுமாகத் தொங்கும். நான் போன கடையில் ஒரு பெரிய தொட்டி முழுக்க நியான் டெட்ரா. ஒரு அங்குலம்தான் இருக்கும். உடம்பின் குறுக்கே நீலத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே பின்பாதியில் சிவப்பில் ஒன்று. நூறு மீன் ஒரே நேரத்தில் திரும்பும்போது டியூப் லைட்டை உடைத்துப் போட்டது மாதிரி இருந்தது. பதினாறு வாங்கினேன். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டி ஒன்று, ஃபில்டர், கூழாங்கல், பிளாஸ்டிக் செடி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஆக்சிஜன் அடைத்த மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூரிலிருந்து தென்காசி வரை தூங்காமல் போனேன். என் மகள் பிறந்தபோதுகூட அப்படி ராத்திரி முழுக்க முழித்ததில்லை என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

போன கையோடு தொட்டியைக் கழுவி, வீட்டு போரைப் போட்டு, நிரப்பி, மீனை விட்டாயிற்று. சாயங்காலம் அப்பா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் நிம்மதியாகப் பார்டர் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

மூன்றாம் நாள் முதல் போன். ஒரு வாரத்தில் பதினொன்று போயிற்று. அடுத்த தடவை போகும்போது இன்னும் பத்து வாங்கிக்கொண்டு போனேன், கடைக்காரர் கொடுத்த ஏதோ நீல மருந்தோடு. அவையும் பதினைந்து நாளில் ஒவ்வொன்றாக. அப்பா செத்த மீன்களை வெளியே எறியவில்லை. கொல்லையில் அம்மா வைத்த செம்பருத்தியின் அடியில் சின்னதாகக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஐந்தரை மணி போன் வந்தது அப்போதுதான். 'நாலு போயிட்டு' என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இனிமே வாங்கிட்டு வராதய்யா. இந்த வீட்ல இருந்து வெளிய தூக்கிட்டுப் போறதப் பாத்தாச்சுல்லா. போதும்."

நான் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். துணைக்கு என்று நான் அனுப்பி வைத்தது எதை என்று அப்போதுதான் உறைத்தது.

நான் பி.காம். பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். பத்திரிகைத் தொழிலில் ஒரு வசதி, தெரியாத விஷயத்தைத் தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, அதற்குத்தான் சம்பளம். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். தென்காசியிலேயே ஒரு சின்ன மீன் கடை. போய் நியான் டெட்ரா இருக்கிறதா என்றேன். கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும்.

"அண்ணாச்சிக்கு எந்தத் தெரு?"

சொன்னேன்.

"வீட்ல போர் தண்ணியா, குழாயா?"

போர்தான். குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். மற்ற எல்லாவற்றுக்கும் போர்.

"அப்ப நியான் வேண்டாம் அண்ணாச்சி. உங்க காசு எனக்கு எதுக்கு?"

இத்தனை கடை ஏறி இறங்கினதில், என் வீட்டுத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று கேட்ட முதல் ஆள் அந்தப் பையன்தான். ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: மீன் வாங்கப் போகிற இடத்தில் தொட்டியின் அளவையும் தண்ணீரையும் பற்றி விசாரிக்காமல் மீனைப் பிடிக்க வலையை எடுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூட நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் மருந்து பாட்டிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழாயில் 5 மில்லி தண்ணீர். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் ஆரஞ்சாக இருக்கும். எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறதோ அத்தனை டிகிரி கடினத்தன்மை. இது ஜெர்மன்காரர்கள் கணக்கு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லி கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

அப்பா அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவர், சொட்டு விட ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். களத்தில் நெல் அளக்கிறபோது எண்ணுவார்களே, முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அதே மாதிரி. "லாபம்... ரெண்டு... மூணு..." எட்டு, பத்து, பதினைந்து போயிற்று. ஆரஞ்சு மாறவில்லை. இருபத்து நாலாவது சொட்டில்தான் பச்சையானது.

"இருவத்தி நாலு சொட்டா லாபம்?" என்று கேட்டார் அப்பா. அம்மா போன பிறகு அவர் அடித்த முதல் ஜோக்.

இருபத்து நாலை 17.8-ஆல் பெருக்கினால் 427. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் என்ன சொல்கிறது என்றால், லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது மனுசன் பொறுத்துக்கொள்வான். வீட்டில் இதற்கு அத்தாட்சி எத்தனையோ இருந்தது. வெந்நீர்ப் பானையின் அடியில் சுண்ணாம்புப் பட்டை, பக்கெட்டின் விளிம்பில் வெள்ளை வளையம், ஹீட்டர் காயிலில் பூத்த பூ. அம்மா துணி துவைக்கும்போது "நுரையே வராது இந்தத் தண்ணில" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம்மூரில் இதை உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். அதில்தான் குழப்பம். உப்பு வேறு, கடினம் வேறு. பாறைக்கு நடுவே மெதுவாக ஊறி இறங்குகிற நீர் வழியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. அதுதான் கடின நீர். ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் முக்கி நம்பர் காட்டிப் பயமுறுத்துவாரே, அது கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிற மீட்டர். அதில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு உப்பு என்று தெரியாது. மீன் வளர்க்க சொட்டுக் கணக்குதான் வேண்டும்.

நியான் டெட்ரா மேல் அமேசான் காட்டுச் சிற்றோடைகளின் மீன். 1936-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. இலைதழை ஊறி டீத் தண்ணீர் நிறத்தில் ஓடும், சுண்ணாம்பே இல்லாத நீரில் பிறந்து வளர்ந்த குலம். இப்போது கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் பொரித்தவை, ஓரளவு கடின நீரைத் தாங்கும். ஆனால் இருபத்து நாலு டிகிரியில், அதுவும் ரயிலில் வந்த களைப்போடு நேரே கவிழ்த்தால்?

நண்பர் அதோடு விடவில்லை. "தண்ணீர் மேல மட்டும் பழி போடாதே. பாதிக் கொலை உன் அவசரம்" என்றார். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கல்லிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் அதற்கு நாலு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. இதில் இன்னொரு கண்ணி. கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மையும் உள்ளதாக இருக்கும். பி.ஹெச். 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு சுமார் பத்து மடங்காகிறது. சென்னைக் கடையின் தண்ணீரில் தாங்கியிருக்கக்கூடிய அழுக்கு எங்கள் வீட்டு போரில் விஷம்.

சரி, தண்ணீரை மாற்றிவிடலாமே? எனக்கும் அதுதான் தோன்றியது. பாதாம் மரத்து இலையைப் போடு என்றார் ஒருவர். இலை தண்ணீரைத் தேன் நிறமாக்கும், பார்க்க அழகு; இவ்வளவு கார்பனேட் இருக்கிற நீரில் அதன் புளிப்பு எடுபடாது. பி.ஹெச்சைக் குறைக்கும் திரவம் பாட்டிலில் விற்கிறது. ஊற்றினால் குறையும், மறுநாள் ஏறும், திரும்ப ஊற்ற வேண்டும். ஒரே மாதிரி கடினமாக இருக்கிற தண்ணீரைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைச் சீக்கிரம் கொல்லும். கொதிக்கவைத்தால் ஒரு பகுதி கடினம் போகும். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கிற சமாச்சாரத்தை எழுபத்தாறு வயசு ஆளிடம் யார் சொல்வது? ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதில் தாதுவே இருக்காது, அதுவும் ஆகாது; கலக்க வேண்டும்.

"எதுக்குடே இவ்வளவு? அஞ்சு கிலோமீட்டர்ல குத்தாலம் இருக்கு" என்றார் அப்பா.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். ஆடி மாசம், சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற அந்தப் பன்னீர் தெளிப்பை எத்தனை தடவை அனுபவித்தாலும் கன்னத்தில் புதுசாகத்தான் விழும். பேரருவியில் கூட்டம். ஐந்தருவியில் அதைவிட. இப்போது அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கெல்லாம் தடை. அது நல்லது. என் சின்ன வயசில் அப்படி இல்லை. வீட்டில் நுரையே வராத அதே சோப்பு குற்றாலத்தில் லேசாகத் தடவினாலே உடம்பெல்லாம் நுரைத்துவிடும். எவ்வளவு குளித்தாலும் வழவழப்பு போகாது. மூலிகைத் தண்ணீர், அதான் இப்படி என்று ஊரில் சொல்வார்கள். மூலிகை இருக்கட்டும், அது மென்னீர் என்பதற்கு வேறு என்ன ருசு வேண்டும்? மலை உச்சியில் பெய்து, கெட்டியான பாறை மேல் வேகமாக ஓடி விழுந்துவிடுகிற தண்ணீருக்கு எதையும் கரைத்துக்கொள்ள நேரமே இல்லை.

சிற்றாற்றின் ஓரத்தில் உட்கார்ந்து நண்பர் குழாயை எடுத்தார். அப்பா தயாரானார்.

"லாபம்..."

ரெண்டு என்று சொல்வதற்குள் பச்சை.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ அவரே மலையிலிருந்து கொண்டுவந்து விட்ட மாதிரி என்னைப் பார்த்தார். அங்கேயே திட்டம் போட்டுவிட்டார். வாரம் ஒரு கேன், டி.வி.எஸ். ஐம்பதில் முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிடுவார். இரண்டு கன அடித் தொட்டி என்றால் முழுசாக 56 லிட்டர். கல், இடைவெளி போக ஐம்பது. வாரம் கால்வாசி மாற்றினால் பன்னிரண்டு லிட்டர். கணக்கு சரியாகத்தான் வந்தது. கணக்கு சரியாக வருவதாலேயே ஒரு காரியம் சரியாகிவிடாது என்பது காமர்ஸ் படித்த எனக்குத் தெரியும். பங்குனி சித்திரையில் அருவி சொட்டுகிறபோது? ஐப்பசியில் வெள்ளம் வந்து கரைக்கே விடாதபோது? முழங்கால் வலி வந்து ஒரு வாரம் போக முடியாமல் 'இந்த ஒரு தடவை' என்று போர் தண்ணீரை ஊற்றினால், இரண்டு டிகிரியிலிருந்து ஒரே நாளில் எட்டுக்குத் தாவும். அது போக, மழைக்காலத் தார் ரோட்டில் டி.வி.எஸ். ஐம்பதில் முன்னால் கேனோடு அப்பா வருகிற காட்சியை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கியது.

அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா இன்னொன்று சொன்னார். சின்னப் பையனாக இருந்தபோது துண்டை இரண்டு பேராகப் பிடித்து இந்த ஆற்றில் மீன் அள்ளுவார்களாம். "ஒரு கெண்டை இருக்கும்யா. முதுகுத் துடுப்புல நூல் நூலாத் தொங்கும், ஆண் மீனுக்கு. வெயில் பட்டா மினுங்கும்" என்றார்.

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாமிரபரணி ஆற்றுத் தொகுதியில் மட்டும் வாழ்கிற ஒரு கெண்டை உண்டு. சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில்தானே சேர்கிறது. அந்தக் கெண்டையை முதலில் விவரித்து 1954-ல் தாமிரபரணியின் பெயரையே வைத்தவர் ஈ.ஜி. சைலஸ், பின்னாளில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2012-ல் இலங்கையைச் சேர்ந்த ரோகன் பெத்தியகொடவும் சகாக்களும் இந்த வகை மீன்களைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது அதற்கு வைத்த பெயர் டாகின்சியா. ஆம், பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ்தான், கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதியவர்! குற்றாலநாதர் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர் போய்ச் சேர்கிற ஆற்றின் மீனுக்கு உலகப் பிரசித்தி பெற்ற நாத்திகரின் பெயர். குற்றாலநாதர் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா பார்த்தது அந்தக் கெண்டைதானா, அதன் பங்காளியா என்று இத்தனை வருடம் கழித்து யார் சொல்வது! "அதப் பிடிச்சுத் தொட்டில விட்டா என்ன?" என்று கேட்டார். கூடாது. அழியும் அபாயத்தில் இருக்கிற மீன்களின் பட்டியலில் அது இருக்கிறது. தவிர, நாலைந்து அங்குலம் வளர்ந்து, கூட்டமாக, ஓடுகிற தண்ணீரில் எதிர்த்து நீந்துகிற மீன். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் அதை அடைத்து, இருபத்து நாலு டிகிரியில் ஊறப்போட வேண்டுமா? அப்பா கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டு, "அது இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது நேரே அந்தப் பையனின் கடைக்குப் போனோம். கேள்வியை இந்தத் தடவை மாற்றிக் கேட்டேன். எந்த மீன் அழகு என்று இல்லை. எங்கள் தண்ணீருக்கு எந்த மீன்?

"மோலி" என்றான் யோசிக்காமல். மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்கிற மீன். அங்கே பல இடங்களில் பூமியே சுண்ணாம்புக்கல். கடின நீரில்தான் அது திடமாக இருக்கும். மென்னீரில் விட்டால்தான் துடுப்பை மடக்கிக்கொண்டு சோர்ந்துவிடும். அதன் உறவுக்காரர்களான கப்பி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் இதே ரகம். குட்டி போடுகிற குலம். வாள்வால் துள்ளி வெளியே விழும், மூடி வேண்டும், தொட்டியும் இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது. நம் நாட்டு வரிக்குதிரை டேனியோவும் அனுசரித்துப் போகும். ஃபைட்டர் ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

"கோல்டு ஃபிஷ்?" என்றார் அப்பா.

கடின நீர் அதற்குப் பிரச்னையே இல்லை, தொட்டிதான் பிரச்னை. கையகலம் வளரும், அதற்கேற்ற அழுக்கும் போடும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேஜையில் வைக்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ! தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிற சக்கர் மீன் குட்டியாக இருக்கும்போது இரண்டு அங்குலம். அப்புறம் ஓரடி தாண்டும். சாயம் ஏற்றிய மீன்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏஞ்சல், டிஸ்கஸ் எல்லாம் எங்கள் தெருவுக்கு ஆகாது.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் தாங்கனிக்கா ஏரியில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான ஒரு மீன் காலி நத்தைக் கூட்டில் குடும்பம் நடத்துகிறது. கடினமான, காரமான தண்ணீர்தான் அதற்குச் சொர்க்கம். என்றாவது கிடைத்தால் அப்பாவுக்கு வாங்கித் தர வேண்டும்.

கறுப்பு மோலி ஐந்து, ஆண் கப்பி ஆறு. பெண் கப்பி வேண்டாம் என்றது நண்பர் தொலைநோக்கு. மோலியைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார். "கரிச்சட்டி மாதிரில்லா இருக்கு." பையன் விடவில்லை. "பெரியப்பா, இதெல்லாம் இங்க நம்ம போர் தண்ணிலயே வளந்தது. உங்க வீட்டுக்கு வந்தா வீடு மாறுன மாதிரியே அதுக்குத் தெரியாது." ரயிலில் ராத்திரி முழுக்கப் பத்திரமாகக் கொண்டுபோவதைவிட, பக்கத்துத் தெரு தண்ணீரில் பழகின மீனை வாங்குவது எவ்வளவு புத்திசாலித்தனம்! கடையின் ஃபில்டரில் இருந்த பழைய பஞ்சில் ஒரு துண்டும் கிள்ளிக் கொடுத்தான். பாக்டீரியா முதலீடு. கூடவே முதல் மாதம் தீனியைக் குறைத்துப் போடச் சொன்னான், வாரம் இரண்டு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றவும்.

மீன்கள் சாகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். நானே காலையில் போன் பண்ணிக் கேட்க ஆரம்பித்தேன். "நல்லா இருக்காவ" என்பார். மீனுக்கு மரியாதைப் பன்மை!

அதிலும் ஒரு கோளாறு வந்தது. தினம் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிக் குறைகிறதல்லவா, அப்பா தினம் ஒரு செம்பு போர் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பார்க்கத் தொட்டி நிறைந்தே இருந்ததால், வாராந்திர மாற்றத்தை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது சொட்டு விட்டுப் பார்த்தால் முப்பத்து மூன்று! இதை மட்டும் நான் எவர் உதவியும் இல்லாமல் புரிந்துகொண்டேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்; சுண்ணாம்பு அப்படியே தங்கிவிடும். அதன் மேல் புதுச் சுண்ணாம்போடு புதுத் தண்ணீர். செலவே எழுதாமல் வரவை மட்டும் எழுதிக்கொண்டே போனால் இருப்பு ஏறத்தானே செய்யும்? ஆகவே முதலில் பன்னிரண்டு லிட்டர் வெளியே எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் ஊற்ற வேண்டும். எடுத்ததைச் செடிக்கு விடலாம். அப்பா செம்பருத்திக்கு விட்டார். தினசரி ஊற்றுகிற அந்த ஒரு செம்புக்கு மட்டும் குடிக்கிற குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து, குளோரின் போன பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கோட்டை எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போகும், வெளிப்பக்கமாக.

ஐப்பசியில் ஒரு நாள் மறுபடி காலை ஐந்தரைக்கு போன். வழக்கம் போல வயிற்றைப் பிசைந்தது.

"எய்யா, முழிச்சிட்டியா? கரிச்சட்டி குட்டி போட்டிருக்கு!"

எத்தனை என்றேன். எண்ண முடியவில்லை, ஓடிக்கொண்டே இருக்கின்றன என்றார். தாயே குட்டியைத் தின்றுவிடும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ராத்திரியே பிளாஸ்டிக் செடியை எல்லாம் ஒரு மூலையில் நெருக்கமாகச் சேர்த்து வைத்துவிட்டாராம். "வயிறு இறங்கி நிக்கறதப் பாத்தேன். ஒங்கம்மைக்கும் இப்படித்தான், முந்தின நா ராத்திரியே தெரிஞ்சுட்டு." அம்மாவைப் பற்றி அழாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மோலிக்கு மாதம் ஒரு பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை சேர்ந்தால் போதும், பல மாதத்துக்கு ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். கூட்டு வட்டி. மூன்று மாதத்தில் இடம் போதவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுக்க ஆரம்பித்தார். கொசு ஒழிப்புக்கு வந்த சுகாதாரப் பணியாளர் தொட்டியைப் பார்த்துவிட்டு, கப்பி இருந்தால் கொடுங்கள், கிணற்றில் விடலாம் என்றார். கொசுப் புழு தின்பதற்காக இந்த மீனை வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூடின தொட்டிக்கும் பாழுங்கிணற்றுக்கும் சரி. ஆனால் உபரி மீனைச் சிற்றாற்றில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு அப்பா எகிறிவிட்டாராம். "அங்க ஏற்கெனவே ஆளு இருக்குவே!"

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். திண்ணையில் மூன்று பையன்கள் பாட்டிலோடு நிற்கிறார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறார்.

"ஏலே, ஒங்க வீட்ல என்ன தண்ணி?"

"போர் தாத்தா."

"ஒங்க வீட்ல?"

"ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாம்னு அப்பா சொன்னாவ."

"அப்ப ஒனக்குக் கெடையாது. போயி ஒங்கப்பாவ வரச் சொல்லு."

உள்ளே போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு, பேனாவோடு. அம்மாவின் பால் கணக்கு நோட்டு. முதல் பாதி அம்மா கையெழுத்து: தேதி, காலை அரை லிட்டர், மாலை அரை. அதற்குப் பிறகு ஒரு பக்கம் வெறுமையாக விட்டு, அப்பாவின் கோணல் எழுத்து ஆரம்பிக்கிறது. தண்ணீர் எடுத்தது 12, ஊற்றியது 12. சொட்டு 25. பெரிய கரிச்சட்டி குட்டி போட்டது. எதிர் வீட்டுக்கு 4, டெய்லர் வீட்டுக்கு 6. பாக்கி 17, ஒன்று கண்ணில் படவில்லை.

நான் தொட்டிக்கு முன்னால் குனிந்து எண்ணிப் பார்த்தேன். பதினாறு வந்தது. மறுபடி எண்ணினேன்.

"ஃபில்டருக்குப் பின்னால பாரு" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்.